வண்டில புதுசா ஒரு சத்தம் வருதா? மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்குங்க



மாசம் 24ஆம் தேதி. சம்பளம் வர இன்னும் ஒரு வாரம் இருக்கு. காலைல ஆபீஸ் போற வழியில சிக்னல்ல நிக்கிறேன், ஸ்கூட்டருக்கு அடியில இருந்து "கட கட கட"ன்னு ஒரு சத்தம். நேத்து வரைக்கும் இல்லாத சத்தம். பக்கத்துல நின்ன ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தாரு.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "அண்ணே, இன்ஜின்ல சத்தம் வருது"ன்னு சொன்னேன். அவர் ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்த்துட்டு, "ஆமா தம்பி, இன்ஜின் வேலை இருக்கு. ரிங், பிஸ்டன் பார்க்கணும். ஏழு, ஏழரை ஆகும். ரெண்டு நாள் வண்டி இருக்கட்டும்"னாரு. அக்கவுண்ட்ல அவ்வளவு காசு இல்லை. அதனால மட்டும்தான் "ஒண்ணாம் தேதி வரேன்ணே"ன்னு வண்டியை எடுத்துட்டு வந்தேன். என் புத்திசாலித்தனம் எதுவும் இதுல கிடையாது.

மறுநாள் எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுற அண்ணன் சத்தத்தைக் கேட்டாரு. ஒரு சின்னக் கட்டையை எடுத்து சைலன்சர் மேல இருக்கிற தகட்டை, அதாவது கால் சுடாம இருக்க மாட்டியிருப்பாங்களே அந்த ஹீட் ஷீல்டை, லேசா அழுத்தினாரு. சத்தம் நின்னுடுச்சு. எடுத்தாரு, திரும்ப வந்துச்சு. ஒரு ஸ்க்ரூ விழுந்திருந்தது, இன்னொண்ணு லூஸ். செலவு 30 ரூபாய்.

இதை வச்சு "மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறாங்க"ன்னு ஆரம்பிக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த ஒர்க்‌ஷாப்காரர் மேல பாதித் தப்புன்னா, மீதிப் பாதி என் மேல. "சத்தம் வருது"ன்னு சொல்லியிருந்தா அவர் எங்கேன்னு தேடியிருப்பாரு. நான் "இன்ஜின்ல"ன்னு முடிவையும் சேர்த்துச் சொல்லிட்டேன். கடைல வேலை குவிஞ்சு கிடக்கும்போது வாடிக்கையாளர் சொன்ன முடிவை ஒத்துக்கிறது எவருக்கும் சுலபம்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் பைக்ல மூணு வாரமா "டிக் டிக்"னு இன்ஜின் மேல்பக்கம் ஒரு சத்தம். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்"னு ஓட்டிட்டே இருந்தாரு. ஆயில் கிட்டத்தட்ட காலி. கடைசியில ஹெட்டையும் சிலிண்டரையும் கழட்டி வேலை பார்த்ததுல 11,000 ரூபாய்க்கு மேல போச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்திருந்தா 400 ரூபாய் ஆயிலோட முடிஞ்சிருக்கும்.

ஆக, பயந்து ஓடினாலும் காசு போகுது, கண்டுக்காம விட்டாலும் காசு போகுது. நாம மெக்கானிக் ஆக வேண்டாம். எது 30 ரூபாய் சத்தம், எது 11,000 ரூபாய் சத்தம்னு பிரிக்கத் தெரிஞ்சா போதும்.

சத்தம் எதோட சேர்ந்து மாறுது?

பல பேரு சத்தத்தோட ஓசையை வச்சுக் கண்டுபிடிக்கப் பார்ப்பாங்க. கட கட, டக் டக், கீச்... இதை நம்பினா குழப்பம்தான் மிஞ்சும். லூஸான தகடும் கட கடங்குது, தேஞ்சு போன ரோலரும் கட கடங்குது. கேட்க வேண்டிய கேள்வி வேற: அந்தச் சத்தம் எதோட சேர்ந்து கூடுது, குறையுது?

ஒரு சின்னக் கணக்கு. ஸ்கூட்டர் இன்ஜின் சும்மா ஐடில்ல நிக்கும்போதே நிமிஷத்துக்கு 1,500 சுத்துக்கு மேல சுத்தும். அதாவது ஒரு நொடிக்கு 25 தடவைக்கு மேல. உங்களால எண்ண முடியாது. ஆனா 10 இன்ச் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா வண்டி சுமார் 1.3 மீட்டர் நகரும். நீங்க நடந்துக்கிட்டே தள்ளினா நொடிக்கு ஒரு சுத்து, அவ்வளவுதான். ஸோ, தள்ளும்போது "டக்... டக்... டக்"னு எண்ணக்கூடிய வேகத்துல சத்தம் வந்தா, அது சக்கரமோ பிரேக்கோ. இன்ஜினுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இதுதான் நம்ம டெஸ்ட். மூணு கட்டமா பண்ணுங்க.

முதல்ல, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு காலியான இடத்துல வண்டியை இருபது அடி தள்ளுங்க. பைக்னா நியூட்ரல்ல போட்டுத் தள்ளுங்க. சத்தம் வருதா? அப்போ சக்கரம், பிரேக், பேரிங். பைக்கா இருந்தா செயினும் இந்தப் பட்டியல்ல சேரும்.

அடுத்து, வண்டியை மெயின் ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. திறந்த வெளியில பண்ணுங்க. மூடின பார்க்கிங்ல புகையை சுவாசிக்கிறது உயிருக்கே ஆபத்து. மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுங்க. வண்டி நகராம, இன்ஜின் வேகத்தோட சேர்ந்து சத்தமும் கூடினா, அது இன்ஜின், சைலன்சர், இல்லைன்னா இன்ஜின் அதிர்வுல ஆடுற ஏதோ ஒரு லூஸ் பாகம். ஸ்கூட்டர்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்தா ஸ்டாண்ட்லயே பின் சக்கரம் சுத்தும். சேலை, துப்பட்டா, கை எதுவும் அங்க போகக் கூடாது. ஸ்கூட்டர்ல இடது பக்கம் பெல்ட்டும் இன்ஜின் கூடவே சுத்துறதால அதையும் இந்தக் கட்டத்துல சந்தேகப்படணும்.

மூணாவது, ஓட்டிப் பாருங்க. மேடு பள்ளத்துல மட்டும் வருதா? பிரேக் பிடிக்கும்போது மட்டும் வருதா? கிளம்பும்போது மட்டும் வந்து, வேகம் எடுத்ததும் போயிடுதா? இந்த ஒவ்வொரு பதிலும் ஒரு பாகத்தைக் காட்டும்.

சில பேரு ஓடுற வண்டியிலேயே சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணிக் கேட்டுப் பார்ப்பாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஒரு திருப்பு அதிகமாப் போனா ஹேண்டில் லாக் விழுந்துடும்.

மொதல்ல சீட்டைத் திறங்க

சிரிக்காதீங்க. டூல் கிட், டிபன் பாக்ஸ், ஹெல்மெட் கொக்கி, சீட்டுக்கு அடியில கிடக்கிற ரெண்டு ரூபாய் காயின்... ஸ்கூட்டர் சத்தத்துல பாதி இங்கிருந்துதான். எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்க. அப்புறம் நம்பர் பிளேட், முன் மட்கார்டு, சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங், மிரர், பின்னாடி கிராப் ரெயில், சைலன்சர் போல்ட். இன்ஜின் ஓடும்போது ஒரு கட்டையால ஒவ்வொண்ணையும் லேசா அழுத்துங்க. எதை அழுத்தினா சத்தம் நிக்குதோ அதுதான். சைலன்சர் பக்கம் வெறும் கை வேண்டாம், சுட்டுடும்.

நார்மலான சத்தங்களும் உண்டு. வண்டியை நிறுத்தினப்புறம் "டிக்... டிக்..."னு அடியில இருந்து வர்றது, சூடான சைலன்சர் ஆறிச் சுருங்குற சத்தம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்புறம் பெரும்பாலான வண்டிங்க ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அதுல சாவி போட்டதும் ரெண்டு மூணு நொடி "ம்ம்ம்"னு பெட்ரோல் பம்ப் ஓடும். மழையில நனைஞ்ச வண்டியில மறுநாள் காலைல முதல் ரெண்டு மூணு பிரேக் "கர்ர்"னு வரும். டிரம்லயும் டிஸ்க்லயும் படிஞ்ச மெல்லிய துரு தேய்ஞ்சு போற சத்தம் அது. இதுக்கெல்லாம் காசு செலவு பண்ணாதீங்க.

ஸ்கூட்டரோட இடது பக்கம்

ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க இந்தப் பகுதியை நிதானமாப் படிங்க. இங்கதான் அதிகக் குழப்பமும், அதிகத் தண்டச் செலவும்.

இடது பக்கம் நீளமா ஒரு கவர் இருக்கும். அதுக்குள்ள முன்னாடி வேரியேட்டர், பின்னாடி கிளட்ச், ரெண்டையும் இணைக்கிற ரப்பர் பெல்ட். வேரியேட்டருக்குள்ள சின்னச் சின்ன உருளைகள், ரோலர்னு சொல்வாங்க. இன்ஜின் வேகம் கூடக் கூட அந்த ரோலர்கள் வெளிப்பக்கமா நகர்ந்து கியர் மாத்துற வேலையைச் செய்யும். வட்டமா இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையா தேஞ்சிடுச்சுன்னா ஐடில்ல கட கடன்னு ஆடும். லேசா ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் அடங்கிடும். என் ஸ்கூட்டர்ல ஹீட் ஷீல்டும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் சத்தம் போட்டுச்சு. வித்தியாசம் எப்படித் தெரியும்? பெரும்பாலான ஸ்கூட்டர்ல சைலன்சர் வலது பக்கம், பெல்ட் இடது பக்கம். ரெண்டு பக்கமும் குனிஞ்சு கேட்டாலே போதும்.

கிளம்பும்போது மட்டும் வண்டி நடுங்கி "கர கர"ங்குது, 20, 25 கி.மீ. வேகம் தாண்டினதும் சரியாயிடுதுன்னா, கிளட்ச் ஷூவுல தூசி படிஞ்சிருக்கலாம், இல்லைன்னா அது மழமழன்னு ஆகியிருக்கலாம். பல சமயம் கழட்டி சுத்தம் பண்ணி எமரி பேப்பர் போட்டாலே சரியாயிடும். "கிளட்ச் செட்டே மாத்தணும்"னு சொன்னா, "கழட்டிட்டு என்னைக் கூப்பிடுங்கண்ணே, ஷூ எவ்வளவு மீதி இருக்குன்னு பார்க்கிறேன்"னு சொல்லுங்க.

விட்டு வைக்கக் கூடாத சத்தம் இதுல ஒண்ணு இருக்கு. ஓடும்போது இடது கவருக்குள்ள "பட் பட் பட்"னு எதுவோ அடிக்கிற மாதிரி கேட்டா, பெல்ட் பிரிய ஆரம்பிச்சிருக்கலாம். பெல்ட் அறுந்தா இன்ஜின் ஓடும், வண்டி நகராது. ராத்திரி பத்து மணிக்கு மேம்பாலத்துல இது நடந்தா டோயிங் செலவே பெல்ட் விலையைத் தாண்டிடும். பெல்ட்டுக்கு ஆயுள் பொதுவா 20,000 கி.மீ. பக்கம். உங்க மாடலுக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும்.

காசு விஷயத்துல ஒரு குறிப்பு. ரோலருக்கும் பெல்ட்டுக்கும் கழட்ட வேண்டிய கவர் ஒண்ணுதான். நான் சென்னைல விசாரிச்ச வரைக்கும் 110 சிசி ஸ்கூட்டருக்கு பெல்ட் 500 முதல் 800, ரோலர் செட் 200 முதல் 350. ரோலர் மாத்தும்போது பெல்ட் 18,000 கி.மீ. ஓடியிருந்தா அதையும் சேர்த்து மாத்திடுங்க. லேபர் ஒரு தடவை கொடுத்தா போதும்.

கீச் சத்தம் வருதுன்னு பெல்ட் மேல ஸ்ப்ரே, எண்ணெய் எதையும் அடிக்காதீங்க. பெல்ட் வழுக்கினா வண்டி இழுக்காது. பிரேக்குக்கும் இதே விதிதான், அங்க வழுக்கினா காசு இல்லை, உயிர்.

பைக்னா செயின்

பைக்ல புது சத்தம்னா நான் மொதல்ல பார்க்கிறது செயினைத்தான். காய்ஞ்ச செயின் "சர்ர்"னு தொடர்ந்து சத்தம் போடும், லூஸ் செயின் மேடு பள்ளத்துல "டப் டப்"னு செயின் கவரை அடிக்கும், ஒரு இடத்துல மட்டும் இறுகிப்போன செயின், சக்கரம் சுத்தச் சுத்த ஒரே தாளத்துல "கடக்... கடக்"னு வரும்.

மெயின் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கீழ்ச் செயினோட நடுவுல விரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. 100 முதல் 150 சிசி பைக்குகளுக்கு மொத்த ஆட்டம் பொதுவா 2 முதல் 3 செ.மீ. இருக்கணும். சரியான அளவு பல பைக்ல ஸ்விங் ஆர்ம்லயே ஸ்டிக்கரா ஒட்டியிருக்கும். சக்கரத்தைச் சுத்தி நாலு இடத்துல பாருங்க. எல்லா இடத்துலயும் ஒரே ஆட்டம் இருந்தா செயின் நல்லா இருக்கு, டைட் பண்ணினா போதும். ஒரு இடத்துல டைட், இன்னொரு இடத்துல தொங்குதுன்னா செயினோட காலம் முடிஞ்சிடுச்சு. செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூணையும் செட்டாத்தான் மாத்தணும். தேஞ்ச பல்லுல புது செயினைப் போட்டா அதுவும் சீக்கிரம் தேஞ்சிடும். இந்த ஒரு விஷயத்துல "செட்டா மாத்தணும்"னு மெக்கானிக் சொன்னா நம்பலாம்.

சத்தம் வரக் கூடாதுன்னு இறுக்கமா டைட் பண்ணச் சொல்லாதீங்க. செயின் விறைப்பா இருந்தா பின் சக்கர பேரிங்கும் கியர்பாக்ஸ் பேரிங்கும் அந்த இழுப்பைத் தாங்கணும். 50 ரூபாய் சத்தத்தை அடக்கப் போய் பெரிய செலவை வரவழைச்சுக்குவோம்.

லூப் போடுறது 500 கி.மீ.க்கு ஒரு தடவை. தினமும் 30 கி.மீ. ஓட்டுறவங்களுக்கு அது ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை.

இதுக்கு சம்பளத் தேதி பார்க்காதீங்க

சில சத்தங்களுக்கு "ஒண்ணாம் தேதி பார்த்துக்கலாம்" கிடையாது. கிரெடிட் கார்டுல போட்டாவது, நண்பர்கிட்ட வாங்கியாவது, ஒரு வாரம் பஸ்ல போயாவது சரி பண்ணணும்.

பிரேக் பிடிக்கும்போது இரும்போட இரும்பு உரசுற சத்தம், எப்பவும் வருது, போகவே இல்லை: பிரேக் ஷூ அல்லது பேட் முழுசா தேஞ்சிருக்கு. ஷூ விலை 250, 350 ரூபாய்தான். அதை விட்டுட்டா டிரம்ல கோடு விழும். பல ஸ்கூட்டர்ல டிரம் பின் சக்கரத்தோட ஹப்லயே இருக்கிறதால சக்கரமே மாத்த வேண்டியிருக்கும். டிஸ்க்னா பேட் போயி டிஸ்க்கும் போகும். காசு ஒரு பக்கம், மொதல்ல வண்டி நிக்கணும். டிரம் பிரேக் இருக்கிற பல வண்டியில, பிரேக் கம்பி சக்கரத்துக்கிட்ட சேர்ற இடத்துல ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசா அழுத்தும்போது அந்த அம்பு எதிர்ல இருக்கிற குறிக்கு நேரா வந்துட்டா ஷூ முடிஞ்சதுன்னு அர்த்தம். கழட்டாமலேயே தெரிஞ்சிடும், இலவசம்.

முன் பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்துல இறங்கும்போதும் ஹேண்டிலுக்குக் கீழ "டொக்"னு ஒரு தட்டு: கோன் செட் லூஸா இருக்கலாம். முன் பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க. ஹேண்டில் கழுத்துல ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா அதேதான். ஆரம்பத்துல டைட் பண்ணினாலே சரியாகும்.

இன்ஜினை ஆஃப் பண்ணித் தள்ளும்போதும் "ஊம்ம்ம்"னோ "கர கர"ன்னோ வருது, வேகத்தோட கூடுது: வீல் பேரிங். ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தோட மேல் விளிம்பைப் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா லொட லொடன்னு ஆடும்.

அப்புறம், இன்ஜின் அடிப்பக்கத்துல இருந்து கனமா "டொக் டொக் டொக்"னு, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க வலுக்கிற சத்தம். கனெக்டிங் ராட் பேரிங்கா இருக்கலாம். அங்கேயே நிறுத்துங்க, ஓட்டிட்டு ஒர்க்‌ஷாப் போகாதீங்க, ஏத்திட்டுப் போங்க. ராட் உடைஞ்சு கிராங்க் கேஸைக் குத்தினா, பல பழைய வண்டிகளுக்கு வண்டி விலையை விட வேலை விலை அதிகமாயிடும்.

"டிக் டிக்" வந்தா ஆயில்தான் முதல்

இன்ஜின் மேல்பக்கம் "டிக் டிக்" கேட்டா, டேப்பெட்னு எல்லாரும் சொல்வாங்க. பல சமயம் சரிதான். ஆனா டேப்பெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க. வண்டியை ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. மூணு நிமிஷம் கழிச்சு, சமதளத்துல மெயின் ஸ்டாண்ட்ல நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு மறுபடி விட்டுப் பாருங்க. சில மாடல்ல திருகாம சும்மா வச்சுப் பார்க்கணும், சிலதுல திருகணும். இதுக்கு மட்டுமாவது மேனுவலைத் திறங்க. 110 சிசி ஸ்கூட்டர்ல மொத்த ஆயிலே 800 மில்லி பக்கம்தான். அதுல 300 மில்லி குறைஞ்சா என்ன ஆகும்னு யோசிங்க. சொட்டுச் சொட்டா ஒழுகுறது வாசல்ல தெரியும். இன்ஜின் உள்ளேயே எரிஞ்சு குறையுறது தெரியாது.

ஆயில் சரியா இருந்தும் டிக் டிக் வந்தா டேப்பெட் செட் பண்ணச் சொல்லுங்க. இங்க ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சத்தமே இல்லாத டேப்பெட்தான் ஆபத்து. வால்வுக்கும் அதை அழுத்துற பாகத்துக்கும் நடுவுல ஒரு துளி இடைவெளி கட்டாயம் வேணும். சத்தத்தை அடக்க அதை இறுக்கிட்டா வால்வு முழுசா மூடாது, இழுவை குறையும், வால்வு எரியும். இன்ஜின் ஆறினப்புறம், ஃபீலர் கேஜ் வச்சு அளந்து செட் பண்றவர்கிட்ட போங்க. சூடா வந்த வண்டியில காதை மட்டும் நம்பி ரெண்டு நிமிஷத்துல முடிக்கிறவரை நான் தவிர்ப்பேன்.

பைக்ல பின்னாடி ஆள் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறும்போது மட்டும் "கல கல"ன்னு வருதா? டாப் கியர்ல 30ல ஏறிட்டிருப்பீங்க. ஒரு கியர் குறைங்க. போயிடுச்சுன்னா வைத்தியம் முடிஞ்சது.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா "டக டக டக"ன்னு மட்டும் வந்து இன்ஜின் சுத்தலைன்னா பேட்டரி வீக். 1,200 ரூபாய் கொடுத்து மாத்துறதுக்கு முன்னாடி டெர்மினல் லூஸா, பச்சையா பூத்திருக்கான்னு பாருங்க.

மெக்கானிக்கிட்ட என்ன சொல்லணும்

சத்தத்தை போன்ல வீடியோ எடுங்க. 20 நொடி போதும். ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது ஒண்ணு, சூடானப்புறம் ஒண்ணு. நாம கடைக்குப் போனா சத்தம் மட்டும் ஒளிஞ்சுக்கும், அனுபவப்பட்டிருப்பீங்க.

எந்தப் பாகம்னு சொல்லாதீங்க. "ஆறின வண்டியில வருது, ஐடில்ல வருது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா போயிடுது, வலது பக்கம், தள்ளினா வரலை." இப்படிச் சொன்னா அவருக்குத் தேட வேண்டிய இடம் பாதியாக் குறையும். "இவன் பார்த்துட்டுதான் வந்திருக்கான்"னும் அவருக்குப் புரியும்.

2,000 ரூபாய்க்கு மேல வேலை சொன்னா, கழட்டுறதுக்கு முன்னாடி பார்ட், லேபர் தனித்தனியா எழுதி வாங்குங்க. பழைய பார்ட்டை கையில கேளுங்க. புதுசோட பாக்கெட்ல எம்ஆர்பி இருக்கும், அதையும் பாருங்க. இன்ஜின் வேலைன்னா கண்டிப்பா இன்னொரு இடத்துல காட்டுங்க. ரெண்டாவது இடத்துல முதல்வர் சொன்னதைச் சொல்லாதீங்க.

வாரண்டி இருக்கிற வண்டியா? சத்தத்தை ஜாப் கார்டுல எழுத வைங்க. "பார்த்துட்டோம் சார், ஒண்ணும் இல்லை"ன்னு வாயால சொல்றது வாரண்டி முடிஞ்ச அடுத்த மாசம் உங்களுக்கு உதவாது. இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க: தேய்மானமும், ஓடி ஓடி வர்ற மெக்கானிக்கல் பழுதும் சாதாரண மோட்டார் பாலிசியில வராது.

"பேசாம புது வண்டி எடுத்துடலாமா?"

7,500 ரூபாய் எஸ்டிமேட் கையில இருக்கும்போது ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ரொம்ப அழகாத் தெரியும். கணக்குப் போடுவோம்.

80,000 ரூபாய் கடன், 12% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 2,657. மொத்தம் 95,650 கட்டுவீங்க, அதுல வட்டி மட்டும் 15,650. "வெறும் 9% ஃபிளாட் சார்"னு சொன்னா சந்தோஷப்படாதீங்க; அது இஎம்ஐ 2,822 ஆகி, குறையுற பாக்கி மேல கணக்குப் போட்டா 16% பக்கம் வரும்.

இப்போ நிஜமாவே இன்ஜின் வேலை தேவைன்னு வச்சுக்குவோம். 7,500 செலவு பண்ணி வண்டி இன்னும் ரெண்டு வருஷம் ஓடினா, மாசத்துக்கு 312 ரூபாய். மூணு இஎம்ஐக்கும் குறைவான காசுல ரெண்டு வருஷம். ஆர்.சி. 15 வருஷம் முடியப்போற வண்டி, சேஸிஸ் துருப்பிடிச்ச வண்டி, ஒரே வருஷத்துல மூணாவது தடவை பெரிய வேலை கேட்கிற வண்டின்னா வேற கதை. அங்க நானே விக்கச் சொல்வேன். சத்தத்தைக் கேட்டு வெறுத்துப் போய் விக்கிறதுதான் நஷ்டம், ஏன்னா அதே சத்தத்தை வாங்குறவரும் கேட்பாரு, விலையைக் குறைப்பாரு. 30 ரூபாய் ஸ்க்ரூவுக்காக 5,000 குறைச்சு வித்தவங்களை எனக்குத் தெரியும்.

வண்டிக்குன்னு மாசம் 500 ரூபாய் தனியா ஒரு ஆர்டி போடுங்க, எமர்ஜென்சி ஃபண்டோட கலக்காதீங்க. வருஷத்துக்கு 6,000. ஆயில், பெல்ட், பிரேக் ஷூ எல்லாத்துக்கும் பெரும்பாலும் அதுவே போதும். அன்னைக்கு 24ஆம் தேதி எனக்கு அந்த ஆர்டி இல்லை. இருந்திருந்தா 7,500 கொடுத்திருப்பேனோங்கிற சந்தேகம் எனக்கே உண்டு. அதனாலதான் காசோட சேர்த்து அந்தப் பத்து நிமிஷ டெஸ்டையும் சொல்றேன்.

என் ஸ்கூட்டர் இப்போ 46,000 கி.மீ. தாண்டிடுச்சு. இன்ஜினை இதுவரைக்கும் யாரும் திறக்கலை. போன வாரம் பின்னாடி "கீச்"னு ஒரு புது சத்தம். பார்க்கிங்ல இருபது அடி தள்ளிப் பார்த்தேன், இன்ஜின் ஆஃப்லயும் வந்துச்சு. பிரேக்கை அழுத்தி அம்புக்குறியைப் பார்த்தேன், குறிக்கு நேரா வந்து நிக்குது. பின் பிரேக் ஷூ. இன்னைக்கு சாயங்காலம் மாத்தப் போறேன்.